3,850 ரூபா ஒரே ‘டப்’ல போச்சு: பைக் விண்ட்ஷீல்டு வாங்கி வீட்ல வெட்டப் போறவங்க கவனிங்க

போன ஞாயித்துக்கிழமை மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மொட்டை மாடில என் 3,850 ரூபா ரெண்டு துண்டா உடைஞ்சு விழுந்துச்சு. மூணு நாளா போன் போட்டு போட்டு ஓஞ்சுபோய்தான் இத எழுதுறேன், வயிறு எரியுது.

நான் தினம் கடலூர்லேர்ந்து பாண்டிக்கு வேலைக்கு ஹிமாலயன் பைக்ல போறவன். ஆல்பேட்டை தாண்டினா எதிர்காத்து நெஞ்சுல அடிக்கும், ராத்திரி திரும்பும்போது பூச்சி வேற மூஞ்சில மோதும், அதான் முன்னாடி காத்து தடுக்குற கம்பெனி குட்டி விண்ட்ஷீல்டு கண்ணாடிய கழட்டிட்டு உசரமா ஒண்ணு மாட்டலாம்னு பைக் சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் கடைல பாத்தேன். பேர் சொல்ல விரும்பல. ரொம்ப உசரமா இருக்கே, நான் அஞ்சரை அடி ஆளு, சரிவருமான்னு போன் பண்ணி கேட்டேன். எடுத்தவன் நல்ல தமிழ்ல, “எந்த ஊருண்ணே? கடலூரா! எங்க மாமனார் ஊரு நெல்லிக்குப்பம்ணே”ன்னான். அங்கயே நான் விழுந்துட்டேன். “சுத்தமான பாலிகார்பனேட்ணே, அடிச்சாலும் லேசுல உடையாத பிளாஸ்டிக், வீட்லயே ஜிக்சா மெஷின் வச்சு அறுத்து வெட்டிக்கலாம், உடைஞ்சா வேற பீஸ் அனுப்புறேன், அது என் பொறுப்பு”ன்னு சொல்லி, சுத்தியால ஒரு கண்ணாடிய அடிக்கிற வீடியோ வேற அனுப்பினான். 3,850 ரூபா உடனே ஜிபே பண்ணிட்டேன்.

வந்துச்சு, மாட்டினேன். மேல் ஓரம் கரெக்டா என் கண்ணுக்கு நேரா நிக்குது. ராத்திரி முள்ளோடை கிட்ட எதிர்ல பஸ் ஹைபீம் போட்டு வந்தா லைட்டு அந்த ஓரத்துல பட்டு ரெண்டா தெரியுது, ரோடே தெரியல. திரும்ப அவனுக்கே போன். “அவசரப்படாதீங்கணே, ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு எவ்ளோ வெட்டணும்னு முடிவு பண்ணுங்க”ன்னான். எவ்ளோ அக்கறைன்னு நினைச்சேன். ரிட்டர்ன் டைம் ஏழே நாள்தான்னு அப்ப எனக்கு உறைக்கல!

ஞாயித்துக்கிழமை பக்கத்து வீட்டு ஆசாரி சித்தப்பா ஜிக்சா எடுத்துட்டு வந்தார். ஹெல்மெட் போட்டு பைக்ல உக்காந்து, நேரா பாத்தா பார்வை ஓரத்துக்கு மேல போற மாதிரி மூணு இஞ்ச் குறிச்சு, ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பலகைல கிளாம்ப் போட்டுத்தான் ஆரம்பிச்சோம். ரெண்டு இஞ்ச் போனதும் சித்தப்பா மெஷின நிறுத்திட்டு, “டேய் தம்பி, சுருளா வரலடா, வெள்ளையா பொடியா கொட்டுதே”ன்னார். நான்தான் பெரிய இவன் மாதிரி ‘அதெல்லாம் பாலிகார்பனேட் சித்தப்பா, நீங்க போங்க’ன்னேன். அடுத்த நிமிஷம் டப்! விரிசல் கீழ ஸ்க்ரூ ஓட்டை வரைக்கும் ஓடிடுச்சு. உடைஞ்ச ஓரம் கண்ணாடி சில்லு மாதிரி கைய கிழிக்குது. சந்தேகம் வந்து ஒரு சில்ல இடுக்கில பிடிச்சு தீக்குச்சி காட்டினா நின்னு எரியுது, இனிப்பா ஒரு வாடை வேற. பாலிகார்பனேட்னா புகையும், தீய எடுத்தா அணைஞ்சிடும். இது அக்ரிலிக், வெட்டும்போது சுருளா வராம பொடியா கொட்டினதும் அதனாலதான். 3,850 ரூபாய்க்கு கடை போர்டுக்கு போடுற அக்ரிலிக்!

அப்புறம் நடந்தது தனி கூத்து. மொதல்ல “வீடியோ அனுப்புங்க சார்”. (அண்ணே போய் சார் ஆயிட்டேன்.) அனுப்பினேன். “பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா சார்?” இல்ல. “டீம்ல கேட்டு சொல்றோம்.” மறுநாள் “கட் பண்ணது நீங்க, வாரண்டி வராது.” உடைஞ்சா உன் பொறுப்புன்னியேப்பான்னா “யார் சார் சொன்னது?” போன்ல சொன்னதுக்கு என்கிட்ட என்ன ஆதாரம்? வித்த பக்கத்துல போய் பாத்தா பாலிகார்பனேட்ங்கிற வார்த்தையே இல்ல, ‘பிரீமியம் மெட்டீரியல்’னு மாத்தி வச்சிருக்கான். இப்ப என் நம்பர பிளாக் பண்ணிட்டான், சித்தப்பா நம்பர்லேர்ந்து போட்டா குரலைக் கேட்டதும் கட்டு.

எப்படி வெட்டணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கடுப்புல முடியல. அளவு எழுத்துல கேளுங்க, என்ன மெட்டீரியல்னு மெசேஜ்ல வாங்கி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. பார்சல் பிரிக்கும்போதே வீடியோ எடுங்க. தூக்கிப் போடப் போற மேல் பக்கத்துல மொதல்ல கொஞ்சமா அறுத்துப் பாருங்க, பொடியா கொட்டினா அங்கயே நிறுத்திடுங்க. பொடிப்பல் பிளேடு, மெதுவா. பெட்ரோல், தின்னர் போட்டு மட்டும் துடைக்காதீங்க, எந்த பிளாஸ்டிக் கண்ணாடியா இருந்தாலும் வெடிப்பு விடும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன். பழைய குட்டி கண்ணாடிய பரண்லேர்ந்து எடுத்து மாட்டியாச்சு. சித்தப்பாவோட பிளேடு காசு இன்னும் குடுக்கல, அது 3,850ல சேராது.