'சிலி ரோஸ்' என்று சொல்லி எனக்கு விற்ற சிலந்தி

டரான்டுலா என்னும் பெரிய ரோமச் சிலந்தியை வளர்க்கும் ஆசையில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 4,500 ரூபாய். அது போகட்டும். அக்காவின் பத்து மாதக் குழந்தை தவழும் வீட்டில், என்ன பிராணி என்றே தெரியாமல் மூன்று மாதம் ஒரு சிலந்தியை வைத்திருந்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

இணையத்தில் அறிமுகமான விற்பனையாளர் அவர். வேறு ஊர்க்காரர். "சிலி ரோஸ், தம்பி. பெண். எங்கள் பெட்டியிலேயே பொரித்தது. பூனைக்குட்டி மாதிரி கையில் வைத்துக் கொஞ்சலாம்" என்றார். சிலி ரோஸ் தென் அமெரிக்காவில் தரையில் வாழும் சிலந்தி. நிதானமாக நடக்கும், புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றது என்று நானும் படித்திருந்தேன். அவர் அனுப்பிய படத்திலும் அதுதான் இருந்தது. பில் கேட்டேன். "இதற்கெல்லாம் யார் தம்பி பில் போடுகிறார்கள்?" என்றார். அந்த இடத்திலேயே நான் விலகியிருக்க வேண்டும்.

ஆம்னி பஸ் பார்சலில் வந்தது ஒரு தயிர் டப்பா. மூடியில் மூன்று ஓட்டைகள். உள்ளே சாம்பல் நிறத்தில், முதுகில் கோலம் போட்டதுபோன்ற வெளிறிய வரிகளோடு ஒடுங்கிக் கிடந்தது. ரோஸ் நிறம் எங்கே என்று கேட்டதற்கு, "குட்டியில் இப்படித்தான் இருக்கும். நாலு முறை சட்டை உரித்தால் வந்துவிடும்" என்றார்.

அவர் சொன்ன பராமரிப்பு அதைவிட மோசம். பெட்டிக்கு மேல் குண்டு பல்பு எரியவிடச் சொன்னார். அந்தச் சூட்டில் சிலந்தி வற்றிப்போகும். நம் ஊர் வெப்பத்துக்கு பல்பே தேவையில்லை. சமையலறைக் கரப்பானைப் பிடித்துப் போடச் சொன்னார். அந்தக் கரப்பான் எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ! தினமும் கையில் எடுத்துப் பழக்கச் சொன்னார். டரான்டுலா பழகாது. கை உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துவிடலாம்.

தரையில் வாழும் சிலந்திக்கென்று உயரம் குறைந்த பெட்டியில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, சின்னத் தண்ணீர்த் தட்டு வைத்திருந்தேன். இதுவோ ஒருநாளும் மண்ணில் தங்கவில்லை. சுவரோடு சுவராகப் பல்லிபோல் அப்பிக்கொண்டு கிடந்தது. ஒருநாள் மாலை தண்ணீர் மாற்ற மூடியைத் தூக்கினேன். கண் இமைப்பதற்குள் என் மணிக்கட்டைத் தாண்டிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்கா வெளியே ஓடினாள். டார்ச் அடித்துப் பார்த்தபோது முன்கால்களைத் தூக்கி நின்றது. கால்களின் அடிப்பக்கம் பளீரென்று மஞ்சள். டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடிப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது.

சில வாரம் கழித்து, இரவில் அது மல்லாந்து கிடந்தது. பதறிப்போய் அவருக்கே படம் அனுப்பினேன். "செத்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். பாதி விலைக்கு வேறு தருகிறேன்" என்று பதில் வந்தது. நல்லவேளை, நான் தூக்கிப் போடவில்லை. சாகிற டரான்டுலா பெரும்பாலும் நிமிர்ந்தபடியே கால்களை அடியில் சுருட்டிக்கொள்ளும். மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது என்று அர்த்தம். அப்போது தொடக் கூடாது. பெட்டிக்குள் பூச்சி இருந்தால் மட்டும் எடுத்துவிட வேண்டும், மெத்தென்றிருக்கும் உடம்பை அது கடித்துவிடும். விடிவதற்குள் பழைய கால்களிலிருந்து ஒவ்வொரு காலையும் கையுறை கழற்றுவதுபோல் உருவி எடுத்துக்கொண்டது. நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றின் அடியில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது.

அந்தப் படத்தை விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டார்: பொசிலோதீரியா ரெகாலிஸ். சிலிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நம் மலைக்காடுகளில் மரப்பொந்துகளில் வாழ்வது. இதே பேரினத்துச் சிலந்திகளை யாழ்ப்பாணப் பக்கம் புலிமுகச் சிலந்தி என்பார்கள். சிலி ரோஸைப் போல அரிக்கும் முடியை உதறாது. ஓடும், முடியாவிட்டால் கடிக்கும். கடித்தால் கடும் வலியோடு தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். என் அக்கா குழந்தை தவழ்ந்த தரையில் ஓடியது இதுதான்.

பொசிலோதீரியா இனங்கள் அனைத்தும் 2019இல், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தவை. அந்தப் பட்டியல் உயிரினங்களை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் நம் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். பில் தராதவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? பெட்டியில் பொரித்தது என்பதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும். பெண் என்றதும் வாய்க்கு வந்த பேச்சு: குட்டிப் பருவத்தில் பெரும்பாலும் உரித்த சட்டையின் உட்புறத்தைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஆகவே வாங்குகிறவர்கள் முதலில் அறிவியல் பெயரை எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு வரப்போகும் அதே சிலந்தியின் மேல், கீழ்ப் படங்களைக் கேளுங்கள். எங்கே பொரித்தது என்பதற்குத் தாள் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். என் எண்ணைத் தடை செய்துவிட்டார். சிலந்தியை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்தவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் காட்டில் பிடித்தது என்று தெரிந்தால் அங்கேயே கொண்டுபோய் விடலாமே, தெரியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.