‘டக்’ என்று ஒரு சத்தம்: செல்ஃப் மோட்டாரோடு பதினோரு வருடம்

என் பெட்ரோல் கார் 2014 மாடல், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இத்தனை வருடத்தில் இரண்டே தடவைதான் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டார்) எடுக்காமல் நின்றது. இரண்டு தடவையும் கேட்டது அதே ‘டக்’. காரணம்தான் வேறு வேறு.

முதல் தடவை ஒரு மழைக்காலக் காலை. எதிர்வீட்டு அண்ணன், “பேட்டரி டவுன் தம்பி” என்றார். ஹெட்லைட்டைப் போட்டேன். சாவியைத் திருப்பும்போதுகூட விளக்கு பெரிதாக மங்கவில்லை. பேட்டரி படுத்திருந்தால் அந்த நேரத்தில் அணைகிற மாதிரி ஆகிவிடும். வந்து பார்த்த எலக்ட்ரீஷியன் மோட்டாரையே மாற்றச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

வீட்டு ஸ்விட்ச் போர்டு பார்க்க வாங்கிய மல்டிமீட்டர் இருந்தது. பேட்டரியில் 12.5 வோல்ட். மனைவி சாவியைத் திருப்பியபோது 11.9. இது 9.6-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அப்புறம் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை எஞ்சினில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து மறுபடி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 5 வோல்ட்! மோட்டாருக்குச் சேர வேண்டியதை, பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயரே தின்றுகொண்டிருந்தது. பேட்டரி ட்ரேவுக்கு அடியில் குனிந்து பார்த்தால், வயர் முனை பச்சையாகப் பூத்துக் கிடந்தது. இழுத்ததும் பாதி இழை கையோடு வந்தது. புது வயர் போட்டு, போல்ட் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் ஒரே திருப்பில் எடுத்தது.

போன வருடம் மறுபடி ‘டக்’. எர்த் சரியாக இருந்தது. மோட்டாரின் தடி வயரில் 12.3 வோல்ட் வந்து நிற்கிறது, ஆனால் சுற்றவில்லை. ஸ்பேனர் பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டினேன், சுற்றியது. தட்டிச் சுற்றினால் பெரும்பாலும், மோட்டாரின் சுற்றும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். தெரிந்தும் ஒரு வாரம் தட்டித் தட்டியே ஓட்டினேன். கடைசியில் கல்யாண மண்டப வாசலில், பட்டு வேட்டியோடு காருக்கடியில் படுக்க வேண்டியதாயிற்று. பிரஷ் செட் மட்டும் மாற்றினேன். மோட்டார் இன்றும் அதேதான்.

இந்தச் சோதனையில் ஒரு தொல்லை, சாவி திருப்ப இன்னொரு ஆள் வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று அந்த ஆளிடம் இரண்டு தடவை கேட்டுக்கொள்வேன். மீட்டர் இப்போது டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. வீட்டில் ஃபியூஸ் போனால் காருக்குப் போய் எடுத்து வருகிறேன்.