சிபேப்பா, ஆட்டோவா, பைபேப்பா?

தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவதுதான் ஸ்லீப் ஆப்னியா. தசைகள் தளர்ந்து தொண்டைப் பாதை மூடிக்கொள்வதுதான் அதில் பெரும்பாலோருக்கு இருக்கும் வகை. அந்தப் பாதையைக் காற்றழுத்தத்தாலேயே திறந்து வைக்கலாம் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் 1981இல் காட்டினார்கள். இன்று கிடைக்கும் நான்கு வகைக் கருவிகளான சிபேப் (CPAP), ஆட்டோ சிபேப், பைபேப் (BiPAP), ஏஎஸ்வி (ASV) ஆகியவை அழுத்தத்தை எப்படிக் கூட்டிக் குறைக்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

சிபேப்பில் இரவு முழுக்க ஒரே அழுத்தம். 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்துக்குள் (இந்தக் கருவிகளின் அழுத்தத்தை அளக்கும் அலகு இது) உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைத் தூக்கப் பரிசோதனையில் பார்த்து மருத்துவர் வைத்துத் தருவார். நால்வகையில் விலை குறைந்ததும் இதுதான். ஆனால் மல்லாந்து படுத்தால் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், ஒருக்களித்தால் குறைவாகவே போதும். இது சிபேப்புக்குத் தெரியாது.

ஆட்டோ சிபேப்புக்குத் தெரியும். மூச்சின் போக்கைக் கவனித்து, அடைப்பு வரும்போது அழுத்தத்தை ஏற்றி, பிறகு இறக்கும். ஆப்னியாவைக் கட்டுப்படுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். இருந்தாலும் வேறு இதய, நுரையீரல் நோய் இல்லாதவர்களுக்கு நான் ஆட்டோவையே சொல்வேன்: எடை கூடினாலும் குறைந்தாலும் தானே சரிசெய்துகொள்ளும், தேவைப்பட்டால் ஒரே அழுத்தத்திலும் ஓட்டலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அழுத்த எல்லையை 4 முதல் 20 வரை அப்படியே திறந்து விட்டால், தொடக்கத்தில் 4 போதாமல் பலருக்கு மூச்சு முட்டுவது போல இருக்கும். கருவியில் சேரும் சில நாள் பதிவைப் பார்த்து அந்த எல்லையைச் சுருக்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். அழுத்தம் மாறும்போதெல்லாம் விழித்துக்கொள்பவர்களுக்குப் பழைய சிபேப்பே நல்லது.

பைபேப் மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தமும் விடும்போது குறைந்த அழுத்தமும் தரும். விலை அதிகம் என்பதால் இதை உயர்ந்த ரகம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. அதிக அழுத்தத்தை எதிர்த்து மூச்சை விட முடியாதவர்களுக்கும், உடல் பருமன், தசை நோய் போன்றவற்றால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு தேங்குகிறவர்களுக்கும்தான் இது. அவர்களுக்கு இது பெரிய வரம்.

மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தை மாற்றி மூச்சைச் சீராக்கும் ஏஎஸ்வி முற்றிலும் வேறு. தொண்டை திறந்திருந்தும் மூளையிலிருந்து கட்டளை வராமல் மூச்சு நிற்கும் சென்ட்ரல் ஆப்னியாவுக்கானது. 2015இல் வெளியான செர்வ்-ஹெச்எஃப் ஆய்வில், இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த சென்ட்ரல் ஆப்னியா நோயாளிகளிடம் இது இதய நோய் மரணங்களை அதிகரித்தது. இதயத்தின் திறனைக் காட்டும் எக்கோ ஸ்கேன் பார்க்காமல் இந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்புறம், மாஸ்க். பலர் கருவியைக் குறைசொல்லி மூலையில் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வாய் திறந்து தூங்குபவர் மூக்கு மாஸ்க் போட்டால் காற்று வாய் வழியே போய்விடும். கசிவு அதிகமானால் ஆட்டோவும் தப்புக்கணக்குப் போடும். அவருக்கு மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க் வேண்டும். மூடினாலே பதறுபவருக்கு நாசித்துளையில் மட்டும் பொருந்தும் சிறிய வகை. எதுவானாலும் உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கருவியை ஓடவிட்டு, படுத்து, இரண்டு பக்கமும் புரண்டு பாருங்கள்.