டெஸ்ட் பட்டனை நம்பி ட்ரிகர் வாங்காதீர்கள்

கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்திருப்பவர்கள், ஃபிளாஷைத் தனியாக ஸ்டாண்டில் நிறுத்தி எடுக்க ட்ரிகர் (ஷட்டரை அழுத்தும்போது ஃபிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்க வைக்கும் கருவி) வாங்கப் போகிறீர்கள் என்றால், பணத்தை நீட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அண்ணியின் வளைகாப்புக்கு முந்தைய நாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். கேமரா அண்ணன் வீட்டில் இருந்தது, கையில் எடுத்துப் போகவில்லை. "1500டிக்கு வேணும்" என்று இரண்டு தடவை சொன்னேன். "எல்லா கேமராவுக்கும் ஆகும் சார்" என்று ஒரு செட்டை எடுத்து, ரிசீவரில் ஒரு ஃபிளாஷை மாட்டி, கேமராவில் மாட்ட வேண்டிய டிரான்ஸ்மிட்டரின் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காட்டினார். பளிச்சென்று அடித்தது. 1,800 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

ராத்திரி கேமராவில் மாட்டி ஷட்டரை அழுத்தினால் ஒன்றுமே இல்லை. டெஸ்ட் பட்டனுக்கு அடிக்கிறது, ஷட்டருக்கு அடிக்கவில்லை. பேட்டரி மாற்றினேன், சேனல் மாற்றினேன், துணியால் துடைத்தேன். மணி ஒன்று. என்னிடம் ஏற்கெனவே இருந்த டிடிஎல் ஃபிளாஷை (கேமராவோடு பேசி வெளிச்சத்தின் அளவைத் தானே வைத்துக்கொள்ளும் வகை) நேராகக் கேமராவில் மாட்டினால் அது ஒழுங்காக அடிக்கிறது. தலை சுற்றிவிட்டது.

மறுநாள் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "கேமராவுல ஹாட் ஷூ போயிருக்கும், கொண்டு வாங்க, 2,500 ரூபாய்ல மாத்திடலாம்" என்றார். ஹாட் ஷூ என்பது கேமராவின் தலையில் ஃபிளாஷோ ட்ரிகரோ மாட்டும் இடம். எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். தெரியாமல் விற்றிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நல்ல கேமராவைக் கெட்டது என்று சொல்லி இன்னொரு பில் போடப் பார்த்தார்.

உண்மையைச் சொன்னவர் கேமரா பழுது பார்க்கும் ஒரு பெரியவர். என் கேமராவின் ஷூவைத் தன் பழைய கேமராவின் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்து, "நடுவுல பாருங்க தம்பி" என்றார். பழையதில் நட்டநடுவே வட்டமாக ஒரு உலோகப் புள்ளி. என்னுடையதில் அந்த இடம் வெறும் பிளாஸ்டிக். பின்பக்கமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் இருந்தன. உடைந்து போகவில்லை, முதலில் சொன்ன மூன்று மாடல்களுமே அப்படித்தான் வருகின்றன.

மலிவான மேனுவல் ட்ரிகர்களுக்கு அந்த நடுப் புள்ளி ஒன்றுதான் தெரியும். ஷட்டர் திறக்கும்போது கேமரா அந்தப் புள்ளியையும் ஷூவின் ஓரத் தகட்டையும் இணைக்கும், ட்ரிகர் அதைப் பார்த்துச் சிக்னல் அனுப்பும். புள்ளி இல்லையென்றால் அதற்குச் செய்தியே போகாது. கேனானுக்கென்று வரும் டிடிஎல் வகைகள் சின்னப் புள்ளிகள் வழியாகப் பேசுபவை. அதனால்தான் என் ஃபிளாஷ் மட்டும் அடித்தது. டெஸ்ட் பட்டன் காட்டுவதோ டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் இடையில் ரேடியோ வேலை செய்கிறது என்பதை மட்டும்தான். கேமராவுக்கு அதில் பங்கே கிடையாது.

வளைகாப்பை எப்படியோ ஒப்பேற்றினேன். கேமராவின் பாப்-அப் ஃபிளாஷைத் திறந்து, ஸ்டாண்டில் இருந்த ஃபிளாஷை எஸ்2 மோடில் வைத்தேன். எஸ்1, எஸ்2 இரண்டுமே வேறொரு ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் அடிக்கும் மோடுகள். பாப்-அப் முதலில் ஒரு சின்ன வெளிச்சம் விட்டு அளவு பார்க்கும். எஸ்2 அதைக் கண்டுகொள்ளாமல் இரண்டாவதற்குத்தான் அடிக்கும். எஸ்1 வைத்தால் முன்கூட்டியே அடித்துத் தொலைக்கும். அறைக்குள் சமாளித்துவிட்டேன். ஆனால் வாசல் வெயிலுக்கு வந்ததும் பாதி படங்களில் ஃபிளாஷ் அடிக்கவே இல்லை. அண்ணிக்கு அவர் அம்மா முதல் வளையல் போட்ட படம் அந்தப் பாதியில் ஒன்று. முகம் இருட்டாகவே இருக்கிறது.

கடையில் பணம் திரும்பக் கேட்டதற்கு, "விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று துண்டுச் சீட்டைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். சீட்டில் கேமரா மாடலை எழுதி வாங்காமல் விட்டது எனக்குப் பெரிய இழப்பு. நீங்கள் "1500டிக்கு ஆகும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

போன வாரம் வேறு கடையில், கேனானுக்கான டிடிஎல் ட்ரிகர் வாங்கினேன். கேமராவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். என் பாடியில் மாட்டி, ஷட்டரைப் பத்து தடவை அழுத்தி, பத்தும் அடித்த பிறகுதான் பர்ஸை எடுத்தேன். அந்தக் கடைக்காரர் முகம் சுளிக்கவே இல்லை.