லினக்ஸ் மின்ட்: எல்லாம் சரி, எழுத்துதான் சரியில்லை

பட்டர்வொர்த்தில் இருக்கும் கூட்டாளி ஒருவர் போன வாரம் கேட்டார்: "விண்டோஸ் 10க்கு இனிமே அப்டேட் வராதாமே அண்ணே. என் லேப்டாப்ல 11 ஏறாதுங்கிறாங்க. நீங்க மின்ட்தானே போட்டிருக்கீங்க, நானும் போட்டுடவா?"

மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஒரு லினக்ஸ் இயங்குதளம். விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்ற 2025 அக்டோபர் 14க்கு அப்புறம் இதே கேள்வியைப் பலரும் கேட்டுவிட்டார்கள். 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் சில்லு என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. அவருடையது 7. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மெஷினைத் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்கும் வயிறு எரியும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது என் தொழில். மின்ட்டில் பல வருடமாக இருக்கிறேன். வேகம், உறுதி பற்றியெல்லாம் நீட்டி எழுத ஒன்றுமில்லை. தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் காலையில் போட்டால் நள்ளிரவு வரை ஓடும், நடுவில் உறைந்து நின்றதில்லை. அப்டேட் என்னைக் கேட்டுவிட்டுத்தான் ஏறும். பழைய பிரிண்டரைச் செருகியதும் அதுவே கண்டுகொண்டது. 22ஆம் பதிப்பு போட்டால் 2029 வரை கவலையில்லை. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் மணி என்று எல்லாம் கை பழகிய இடத்தில் இருக்கும். காசும் கிடையாது.

என் எரிச்சல் எழுத்தில்.

மின்ட்டின் மெனுவிலும் சன்னல் தலைப்பிலும் வருவது உபுண்டு எழுத்துரு. அதில் தமிழ் இல்லை. தமிழ் வரும் இடத்தில் வேறொரு எழுத்துருவைக் கடன் வாங்கிக்கொள்ளும். அது இதைவிட ஒல்லி, உயரமும் வேறு. 'தைப்பூசம் 2026' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் 2026 கொழுகொழுவென்றும் தைப்பூசம் பட்டினி கிடந்த மாதிரியும் தெரிகிறது. 'கீ', 'மீ' எழுத்துகளின் மேல்சுழி தலைப்புப் பட்டையில் வெட்டுப்படுகிறது. 'ஸ்ரீ' சேர்ந்து நிற்காமல் ஸ், ரீ என்று பிரிந்து நிற்கிறது. நம் ஊரில் ஸ்ரீ இல்லாமல் தொடங்கும் கோயில் நோட்டீஸ் எத்தனை இருக்கும்? பதிப்பு மாற்றினால் கடன் வாங்கும் எழுத்துருவும் மாறிவிடுகிறது. அப்டேட்டுக்கு என்னைக் கேட்கிற மின்ட், இதற்கு மட்டும் கேட்பதில்லை.

மணப்பெண்ணின் அம்மா ஒருவர் பெயர் சரிபார்க்க வந்திருந்தார். திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பத்திரிகையின் உள்ளே எழுத்து அச்சுக்குப் போகிற எழுத்துருவில் அழகாகத்தான் இருந்தது. அவர் பார்த்தது மேலே, கோப்பின் பெயரில் 'மீனாட்சி'யின் தலை வெட்டுப்பட்டு நின்ற இடத்தை. "தம்பி, பத்திரிகையிலயும் இப்படித்தான் வருமா?" என்றார். வராது ஆன்ட்டி என்று விளக்கினேன். அவர் முகம் தெளியவில்லை. மாதிரித் தாள் ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் முன்பணம் எடுத்தார்.

லினக்ஸ் நண்பர்களிடம் இதைச் சொன்னால், அதெல்லாம் மேல்சட்டை, உள்ளே இருக்கும் உடம்பைப் பார் என்கிறார்கள். எனக்கு இந்தப் பேச்சு அறவே பிடிக்காது. லினக்ஸின் மையமான கெர்னலையும் கோப்பு அனுமதிகளையும் அந்த அம்மா எப்படிப் பார்ப்பார்? அவர் கண்ணுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அந்தத் திரை. அதை வைத்துத்தான் அவர் கேட்க முடியும், கேட்டதும் நியாயம். அதே லினக்ஸ் கெர்னல்தான் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் ஓடுகிறது. மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே அதைத் தடவிக்கொண்டிருப்பவர்களில் ஒருவராவது நான் லினக்ஸ் வைத்திருக்கிறேன் என்று சொல்வாரா?

உள்ளே பார்க்கத் தெரிந்தவர்கள் மட்டும் என்ன செய்தார்கள்? 2011இல் லினக்ஸ் முகப்புகளில் ஒன்றான க்னோமின் 3ஆம் பதிப்பு வந்தது. பழகிய கீழ்ப்பட்டை போனது, சன்னலைச் சுருக்கும் பொத்தானும் போனது. லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பகிரங்கமாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு முகப்புக்கு மாறினார். உள்ளே ஓடியது அவருடைய சொந்தக் கெர்னல், அதில் ஒரு குறையும் இல்லை. முகம் பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டார். மின்ட்டின் சின்னமன் முகப்பு பிறந்ததும் க்னோம் 3 கிளப்பிய அந்த அதிருப்தியில்தான். விண்டோஸ் 8 கதையும் தெரிந்ததே. 2012இல் ஸ்டார்ட் பொத்தானை எடுத்தார்கள். முந்தியதைவிட வேகமாகத் திறக்கிறது என்று யாரும் பாராட்டவில்லை, பொத்தான் எங்கே என்றுதான் கேட்டார்கள். அடுத்த வருடமே 8.1இல் திரும்ப வைத்தார்கள். தினமும் கை போகிற இடம் அது. அதை மாற்றினால் கோபம் வராதா?

தமிழுக்கு அந்த முகம் எழுத்துதான். மேக் வைத்திருக்கும் நம்மவர்கள் அதன் அழகைச் சொல்லும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இணைமதி எழுத்துரு. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்தது, மேக்கோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸிலும் 2000ஆம் பதிப்பிலிருந்து லதா இருந்தது, 8இலிருந்து நிர்மலா. லதா அப்படியொன்றும் அழகில்லை, ஆனால் என் கண்முன் தலை வெட்டுப்பட்டு நின்றதில்லை. லினக்ஸில் எழுத்துருவுக்குப் பஞ்சம் என்று நினைக்காதீர்கள். லோஹித் இருக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது, இரண்டும் நல்லவை. உபுண்டு எழுத்துருவின் பக்கத்தில் எதை, எந்த அளவில் நிறுத்துவது என்று உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

எங்கே எந்த எழுத்துரு வர வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் ஃபான்ட்கான்ஃபிக் கோப்பு ஒன்று எழுதி, தமிழ் வந்தால் இந்த எழுத்துருதான் என்று கட்டிப்போட்டேன். பெரும்பாலும் சரியானது. ஆனால் மென்பொருளைத் தனிப் பொட்டலமாக ஒதுக்கி வைத்து ஓட்டும் ஃபிளாட்பாக் வழியாக ஏற்றிய மென்பொருள்கள் அந்தக் கோப்பைத் தாமாகப் படிப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததால் கொடுக்கிறேன். சவுளிக்கடை வைத்திருக்கும் கூட்டாளியின் மனைவி கொடுப்பாரா? கடன் வாங்கிய வாடிக்கையாளர் பெயர்களையெல்லாம் தமிழில் எழுதிக் கணக்கு பார்க்கிறவர் அவர். முதல் நாளே மூர்த்தியின் புள்ளி காணோம் என்பார், கூட்டாளி எனக்குப் போன் போடுவார்.

ஆகவே தம்பி, மின்ட் வேண்டாம். 8ஆம் தலைமுறைச் சில்லு உள்ள பழைய மெஷின் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள், 11 போட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு வேண்டாம் என்கிறேனே என்றால், ஆமாம், இந்த வாரம் அப்படித்தான் சொல்வேன். என் கடை மெஷினில் மின்ட்தான் இருக்கும், அதை எடுக்கிற எண்ணம் துளியும் இல்லை. பேச்சைக் கேட்காமல் போடுவதாக இருந்தால் போடுவதற்கு முன் சொல்லுங்கள், அந்த ஃபான்ட்கான்ஃபிக் கோப்பை அனுப்பிவைக்கிறேன்.