மொழிபெயர்ப்பதா, உறையிலிட்டு அனுப்புவதா? இணையத் தொலைபேசியையும் மரபுத் தொலைபேசியையும் இணைக்கும் தரநிலைகள்: ஓர் ஒப்பீடு

இணையத்தின் வழியே புறப்படும் ஓர் அழைப்பு மரபுத் தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைய வேண்டுமானால், இரண்டு மொழிகள் சந்திக்கும் எல்லை ஒன்றை அது கடந்தாக வேண்டும். மரபு வலையமைப்பின் தொலைபேசி நிலையங்கள் தமக்குள் பேசிக்கொள்வது, ஏழாம் எண் சமிக்ஞை முறையின் ஒரு பகுதியான ஐசப் என்னும் மொழியில். இணையத் தொலைபேசி பேசுவது பெரும்பாலும் எஸ்ஐபி, சில இடங்களில் எச்.323. குரலைக் கடத்துவதில் பெரிய சிக்கல் இல்லை. நொடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஓடும் ஜி.711 குறிமுறையை இரு தரப்பும் அறியும். எண் இல்லை, வழி நெரிசலாக உள்ளது, மணி அடிக்கிறது ஆனால் எடுப்பார் இல்லை என்பன போன்ற செய்திகளைக் கடத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இந்த எல்லைக்காக 1990களின் பிற்பகுதியிலிருந்து எழுதப்பட்ட தரநிலைகளை ஒப்பிடுவோர், எது எளிது, எது வேகமானது என்றே வழக்கமாகக் கேட்கிறார்கள். செய்திகள் உரைவடிவில் இருக்க வேண்டுமா, இரும வடிவில் இருக்க வேண்டுமா என்று ஒரு காலத்தில் நடந்த நீண்ட வாதம் இன்று வாசிக்கச் சலிப்பூட்டுகிறது. எனக்குப் பயன்பட்ட அளவுகோல் வேறு: மறுதரப்பு மொழியில் சொல்லே இல்லாத ஒரு தகவல் எல்லையில் வந்து நிற்கும்போது, அந்தத் தரநிலை அதை என்ன செய்கிறது?

முதலில் வந்தது எச்.323. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1996இல் இதை ஏற்றபோது, இதன் தலைப்பே உள்ளக வலையமைப்புகளில் இயங்கும் காட்சித் தொலைபேசிகளைப் பற்றியதாக இருந்தது; 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்தத் தலைப்பு, தரவைச் சிறு பொட்டலங்களாக அனுப்பும் வலையமைப்புகள் அனைத்துக்குமாக விரிந்தது. இதன் அழைப்புச் சமிக்ஞை, ஐஎஸ்டிஎன் என்னும் எண்ணிமத் தொலைபேசி இணைப்புகளுக்கான க்யூ.931 பரிந்துரையின் வழிவந்தது. ஆகவே எல்லையில் சொல்லிழப்பு மிகக் குறைவு. அழைப்பு முறிந்த காரணத்தைச் சொல்லும் க்யூ.850 எண்ணை இது உருமாற்றாமலே ஏந்திச் செல்லக்கூடும். எண்களை ஒவ்வொன்றாக அனுப்பி, போதுமான இலக்கங்கள் சேர்ந்தவுடன் இணைக்கும் பழைய பழக்கமும் இதற்கு இயல்பாகவே வரும். எஸ்ஐபிக்கு அதே பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க ஆர்எஃப்சி என்னும் இணையத் தரநிலை ஆவண வரிசையில் 3578 என்ற தனி ஆவணமே தேவைப்பட்டது.

இவ்வளவு இருந்தும் எச்.323 பின்தங்கியதற்குக் காரணம், அது பழைய மொழியோடு சேர்த்துப் பழைய உலகின் சடங்குகளையும் கொண்டுவந்ததுதான். முதல் பதிப்பில், அழைப்பைத் தொடங்க ஒரு டிசிபி இணைப்பு (தரவு தவறாமல் சேர்வதை உறுதிசெய்யும் இணைய இணைப்பு), ஊடகத்தை ஒப்புக்கொள்ள எச்.245க்கென்று இன்னொரு டிசிபி இணைப்பு, அதற்குள் திறன் பரிமாற்றம், யார் தலைமை என்ற தீர்மானம், பிறகுதான் குரல். எடுத்தவர் சொல்லும் முதல் ‘ஹலோ’ இந்த இடைவெளியில் தொலைந்துபோவதுண்டு. இரண்டாம் பதிப்பின் விரைவு இணைப்பு முறை இதைப் பெரிதும் சரிசெய்தது என்றாலும், அதற்குள் போட்டியாளர் களத்துக்கு வந்துவிட்டார்.

அந்தப் போட்டியாளரான எஸ்ஐபியை, இணையப் பொறியியல் பணிக்குழு 1999 மார்ச்சில் ஆர்எஃப்சி 2543 என்ற எண்ணிலும், திருத்திய வடிவில் 2002 ஜூனில் ஆர்எஃப்சி 3261 என்ற எண்ணிலும் வெளியிட்டது. இது தொலைபேசி உலகைப் பார்த்து எழுதப்பட்டதன்று. வலைப்பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபியின் சாயலில் எழுதப்பட்டது. எண் இல்லை என்பதற்கு 404 என்று பதில் வருவது அதனால்தான். மூன்றாம் தலைமுறைக் கைப்பேசித் தரநிலைகளை வகுத்த 3ஜிபிபி அமைப்பு, குரலையும் பிற சேவைகளையும் ஐபி வழியே வழங்கும் தன் ஐஎம்எஸ் கட்டமைப்புக்கு எஸ்ஐபியைத் தேர்ந்தெடுத்தபோது போட்டியின் முடிவு ஏறத்தாழ உறுதியாகிவிட்டது.

ஐசப்பையும் எஸ்ஐபியையும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்க்கும் அகராதி, 2002 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 3398. வெற்றிகரமான அழைப்பைப் பொறுத்தவரை இந்த அகராதியில் குறை காண முடியாது: எஸ்ஐபியின் அழைப்புக் கோரிக்கையான இன்வைட் வந்தால் ஐசப்பின் அழைப்புக் கோரிக்கையான ஐஏஎம், எண் முழுமையாகச் சேர்ந்தது என்னும் ஏசிஎம் வந்தால் 18இல் தொடங்கும் பதில், எடுத்துவிட்டார் என்னும் ஏஎன்எம் வந்தால் 200, அழைப்பை முடிக்கும் பை வந்தால் இணைப்பை விடுவிக்கும் ஆர்இஎல். தோல்வியுற்ற அழைப்பில்தான் அகராதி தடுமாறுகிறது. மரபு வலையமைப்பில் தொடங்கி, நடுவில் எஸ்ஐபி வழியாகச் சென்று, மீண்டும் மரபு வலையமைப்பில் முடியும் ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். மறுமுனையில் மணி அடித்தும் எவரும் எடுக்கவில்லை. அந்த நிலையம் காரண எண் 19ஐ அனுப்புகிறது. அந்தச் செய்தி எஸ்ஐபிக்குள் நுழையும் இடத்திலுள்ள கேட்வே, அதாவது மொழிபெயர்க்கும் கருவி, அதை 480 என்னும் எஸ்ஐபி பதில் ஆக்குகிறது. அது எஸ்ஐபியிலிருந்து வெளியேறும் இடத்திலுள்ள கேட்வே, தன் அட்டவணையைப் பார்த்து, 480ஐக் காரண எண் 18 ஆக்குகிறது. மணி அடித்தும் எடுக்கவில்லை என்பது இப்போது கருவியிடமிருந்து பதிலே இல்லை என்றாகிவிட்டது. அசலாகவே 18 என்று புறப்பட்ட செய்திக்கு நேர்வது இன்னும் மோசம்: அது 408 ஆகி, மறுபக்கம் 102 ஆக, அதாவது நேரக்கணிப்பான் காலாவதியான நெறிமுறைப் பிழையாக வெளிவருகிறது. அணைந்து கிடந்த ஒரு கருவிக்காக, வலையமைப்பில் பழுதைத் தேடி ஒரு பொறியாளர் பொழுதைச் செலவிடக்கூடும். இரண்டு கேட்வேக்களும் தத்தம் அட்டவணையைப் பிழையின்றியே பின்பற்றியிருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதற்கான மருந்து அதே மாதத்தில் ஆர்எஃப்சி 3326 ஆக வந்தது. எஸ்ஐபி செய்தியில் ‘ரீசன்’ என்ற தலைப்புவரியைச் சேர்த்து, அதில் க்யூ.850 காரண எண்ணை அப்படியே எழுதலாம். இரு முனைக் கேட்வேக்களும் அதை எழுதவும் படிக்கவும் செய்தால் மேற்கண்ட சிதைவு நிகழாது. தனி அகராதியையும், ரீசன் வரி சேர்ந்த அகராதியையும் இரண்டு வெவ்வேறு தேர்வுகளாகவே நான் கருதுவேன்.

அடுத்த தேர்வு மொழிபெயர்ப்பையே நம்புவதில்லை. ஐசப் செய்தியை முழுவதுமாக எஸ்ஐபி செய்தியின் உடலுக்குள் வைத்து, கடிதத்தை உறையிலிட்டதுபோல அனுப்புகிறது. பணிக்குழுவின் வடிவம் எஸ்ஐபி-டி, 2002இல் ஆர்எஃப்சி 3372. ஒன்றியத்தின் வடிவம் எஸ்ஐபி-ஐ, 2004இன் க்யூ.1912.5 பரிந்துரையில் ‘சி’ வகையாக இடம்பெற்றது. முன்னது ஒரு பொது வழிகாட்டி. பின்னது எந்தச் செய்திக்கு எது என்று இறுகக் கட்டியது, ஆகவே இரண்டு நிறுவனங்கள் ஒன்றையொன்று சோதித்து இணைத்துக்கொள்ள அதுவே வசதியானது. காரண எண் 19 இந்த வழியில் 19 ஆகவே போய்ச் சேரும்.

ஆனால் உறைக்கும் கடிதத்துக்கும் முரண்பாடு வரலாம். வழியில் ஓர் எஸ்ஐபி இடைநிலைச் சேவையகம் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பினால், உறையின் மேல் புதிய எண்ணும் உள்ளே உள்ள ஐஏஎம்மில் பழைய எண்ணும் இருக்கும். அப்போது மேலுறையே செல்லும் என்பது ஆர்எஃப்சி 3398இன் விதி. ஐசப்புக்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட வடிவங்கள் உண்டு என்பதால், பெறுபவர் அந்த வடிவை அறியாவிட்டால் உறைக்குள் உள்ள கடிதம் வீண். இவை அனைத்தையும்விட நான் அஞ்சுவது இன்னொன்று: தன் எண்ணைக் காட்ட வேண்டாம் என்று கேட்டவரின் எண், காட்டாதே என்ற குறிப்போடு ஐஏஎம்முக்குள் முழுமையாக இருக்கிறது. நம்பிக்கை இல்லாத வலையமைப்புக்கு உறையை அப்படியே தள்ளிவிட்டால், அந்த எண்ணும் சேர்ந்தே போகும்.

ஒன்றியத்தின் இன்னொரு தரநிலையான பிஐசிசி பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. 2000இன் க்யூ.1901 பரிந்துரையில் தொடங்கிய இது, ஐசப்பையே குரல் பாதையிலிருந்து பிரித்து எந்த வலையமைப்பின் மேலும் ஓட்டியது. சிஐசி என்ற மூன்றெழுத்தை வைத்துக்கொண்டு, மின்சுற்றின் அடையாள எண்ணாக இருந்ததை அழைப்பின் அடையாள எண்ணாக மாற்றினார்கள். சொல்லிழப்பு இல்லை, ஆனால் இணையத்திலேயே பிறந்த ஒரு தொலைபேசியோடு இதனால் நேரடியாகப் பேசவும் முடியாது. எம்ஜிசிபியையும் எச்.248ஐயும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவை கேட்வேயை அதன் கட்டுப்பாட்டுக் கருவி எப்படி ஆள்வது என்பதைச் சொல்பவை, எனவே இந்தப் போட்டியில் அவற்றுக்கு இடமில்லை.

தேர்வு செய்ய வேண்டியவருக்கு என் கருத்து இது. இருபுறமும் மரபு வலையமைப்பு, நடுவில் மட்டும் ஐபி, இரு நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தமும் நம்பிக்கையும் உண்டு என்றால் எஸ்ஐபி-ஐ. ஒருமுனை இணையக் கருவி என்றால் ரீசன் வரியுடன் கூடிய அகராதி. எச்.323 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அவசரமாகப் பிடுங்க வேண்டியதில்லை, புதிதாக நடவும் வேண்டியதில்லை.

இந்த அலசலில் நான் இதுவரை ஒரே திசையைத்தான் பார்த்தேன்: பழைய மொழியின் சொல்லுக்குப் புதிய மொழியில் இடமில்லாமை. இப்போது எதிர்த்திசையிலும் அதே சிக்கல் வந்துவிட்டது. அழைப்பவரின் எண் போலியானதன்று என்று மின்கையொப்பமிட்டுச் சான்றளிக்கும் ஸ்டிர் முறை, 2018இல் ஆர்எஃப்சி 8224 வழியாக எஸ்ஐபிக்குக் கிடைத்தது. அந்தக் கையொப்பத்துக்கு ஐசப்பில் வைப்பிடம் இல்லை. அழைப்பு ஒரே ஒரு பழைய இணைப்பைக் கடந்தாலும் அது உதிர்ந்துவிடுகிறது. 2021இல் வந்த ஆர்எஃப்சி 8816, கையொப்பத்தை அழைப்போடு அனுப்பாமல் இணையத்தில் தனியொரு சேவையிடம் ஒப்படைத்து, பெறும் முனை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும் வழியைச் சொல்கிறது. மொழிபெயர்க்கவும் முடியாமல், உறையிலிடவும் முடியாமல், வேறு பாதையில் ஆள்விட்டு அனுப்பும் மூன்றாவது முறை இது. ஒப்படைத்த கையொப்பச் சீட்டையும் வந்துசேர்ந்த அழைப்பையும் பொருத்துவதற்குக் கையில் இருப்பவை அழைத்தவர் எண், அழைக்கப்பட்டவர் எண், நேரம் ஆகியவை மட்டுமே. பழைய இணைப்பு அழைத்தவர் எண்ணைக் கைவிட்டிருந்தால், சீட்டு எடுப்பாரின்றி அங்கேயே கிடக்கும்.