பெட்டி டேக்கைப் படிக்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்

ஒரே தளத்தில், ஒரே தடவை பணம் கட்டி எடுத்த டிக்கெட். இரண்டு விமானம், நடுவில் மூன்று மணி நேரம். தாராளம் என்றுதான் நினைத்தேன். மின்னஞ்சலில் இரண்டு பிஎன்ஆர் எண்கள் இருந்தன. அதை அன்றே கவனித்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை.

பெட்டியைப் போடும்போது, "கடைசி ஊர் வரைக்கும் போயிடுமா?" என்று கேட்டேன். "போயிடும், கவலைப்படாதீங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். டேக்கில் கொட்டை எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். பெட்டி எந்த விமான நிலையம் வரை போகும் என்பதன் குறியீடு அது. என் டேக்கில் இருந்தது நடுவழி நிலையத்தின் குறியீடு. போர்டிங் பாஸில் ஒட்டிக் கொடுத்த துண்டிலும் அதேதான். வழி முழுக்க அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

நடுவழியில் டிரான்ஸ்ஃபர் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாம். நானே இமிக்ரேஷன் தாண்டி வெளியே போய், பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். எனக்கு அந்த நாட்டுக்கு விசா தேவையில்லை, தப்பித்தேன். பின்னால் நின்ற குடும்பத்திடம் விசா இல்லை. அவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

பெல்ட்டில் பெட்டி வர நாற்பது நிமிடம். ஓடிப்போய் அடுத்த கவுண்டரில் வைத்தால் 22.6 கிலோ காட்டியது. முதல் விமானத்தில் 23 கிலோ வரை விட்டார்கள், இதில் 15 தான். சரி, கட்டிவிடுகிறேன் என்றேன். அங்கே வாங்க மாட்டார்களாம், மூலையில் இருக்கும் அலுவலகத்தில் கட்டி ரசீது கொண்டுவர வேண்டுமாம். அங்கே ஒரே ஆள். அவர் எடைச் சீட்டு கேட்டார். அதை வாங்க மறுபடி கவுண்டருக்கு ஓட்டம், மறுபடி அலுவலகம். ரசீதோடு வந்து நின்றபோது செக்-இன் மூடி மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

"பணம் கட்டிட்டேனே!"

"அதுக்குத்தான் ரசீது கொடுத்திருக்காங்களே" என்றார், சிரிக்காமல்.

டிக்கெட் விற்ற தளம் விமான நிறுவனத்தைக் கேள் என்றது. முதல் நிறுவனமோ தன் விமானம் நேரத்துக்கு வந்துவிட்டது என்று கை கழுவியது. புது டிக்கெட் எடுத்து, ஏழு மணி நேரம் கழித்துக் கிளம்பினேன்.

போய் இறங்கினால் பெட்டி வரவில்லை. "வீட்டுக்குப் போங்க, ஃபோன் பண்றோம்" என்றார்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் நான் ஏமாறவில்லை. பிஐஆர் என்கிற புகார்ப் படிவத்தைப் பதிந்து, எண்ணை வாங்கிய பிறகே நகர்ந்தேன். அதுவும் போதாது, நிறுவனத்துக்குத் தனியாக எழுத்தில் புகார் போக வேண்டும். பெரும்பாலான சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமென்றால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமென்றால் 21 நாளுக்குள் எழுத வேண்டும். தவறினால் வழக்குப் போடவும் முடியாது.

நான்காம் நாள் பெட்டி வந்தது, ஒரு சக்கரம் இல்லாமல். அன்றைக்கே படம் எடுத்து எழுதிவிட்டேன், சக்கரத்துக்கு இழப்பீடு கிடைத்தது. நான் ஏறாத விமானத்துக்குக் கட்டிய கூடுதல் எடைக் கட்டணம் மட்டும் இன்னும் 'பரிசீலனையில்' இருக்கிறது. ரசீதின் அசலை அனுப்பச் சொல்கிறார்கள்.